பாம்புக்கு விரித்த பழைய வேட்டி

பாம்புக்கு என்ன படுக்கை போடுவது என்று எங்கள் வீட்டில் ஒரு கோடை முழுக்கப் பேச்சு நடந்தது. சிரிக்காதீர்கள். உங்கள் வீடுகளிலும் இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் நடந்திருக்கும். நீங்கள் வெளியே சொல்வதில்லை, நான் சொல்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நாமெல்லாம் தொண்ணூறுகளில் டெக்சாஸில் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள். இப்போது மாத்திரை அட்டையைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்துப் படிக்கிற வயதுக்கு வந்துவிட்டோம். சந்தித்தால் கொலஸ்ட்ராலும் பிள்ளைகளின் காலேஜும்தான் பேச்சு. போன வாரம் உங்களில் ஒருத்தி, தன் மகன் பாம்பு வளர்க்க ஆசைப்படுகிறான், தொட்டிக்கு அடியில் என்ன போடலாம் என்று கேட்டாள். எனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் காப்பி ஆறுகிறது என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். ஏன் மாற்றினேன் என்று இப்போது சொல்கிறேன்.

பேர்லேண்டில் அப்போது எங்கள் தெருவில் பாதி வீடுகள்தான் முடிந்திருந்தன. எதிர்வீடு வெறும் மரச்சட்டமாக நின்றது. வேலையாட்கள் பாதியில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள், ஏனென்று யாருக்கும் தெரியாது. சட்டத்தில் ஆணியடித்து விட்டிருந்த பிளாஸ்டிக் தாள் காற்றில் உப்பும், தணியும், மறுபடி உப்பும். மத்தியானத்தில் தெருவில் ஒரு ஈ காக்காய் இருக்காது. எல்லோரும் ஜன்னல் பிளைண்ட்ஸை இறக்கிவிட்டு ஏசிக்குள் அடைந்து கிடப்போம். மற்றப் பிள்ளைகளுக்கு இருட்டு பயம். எனக்கு அந்த வெயில்தான் பயம். அவ்வளவு வெளிச்சத்தில் எதுவுமே அசையாமல் இருப்பது நல்லதற்கில்லை என்று தோன்றும்.

மூன்றாம் வகுப்பு முடிகிற சமயம். எங்கள் வகுப்பில் ஒரு கார்ன் ஸ்நேக் இருந்தது. ஆரஞ்சு நிறம், முதுகில் செங்கல் நிறத் திட்டுகள், என் கட்டைவிரல் தடிமன். விஷமில்லாதது, சாது. லீவுக்கு யார் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வீர்கள் என்று டீச்சர் கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். எங்கள் வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. டீச்சர் அப்பாவுக்குப் போன் செய்தார். அப்பாவுக்கு யாரிடமும் இல்லையென்று சொல்ல வராது. சரி என்றுவிட்டார்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அப்பா காரிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். ஒத்திகைக்கு வேலையில்லாமல் போனது. கராஜில் அம்மா வாஷிங் மெஷினிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா கண்ணாடித் தொட்டியை இறக்கி வைத்தார். அம்மா கத்தப் போகிறாள் என்று நான் காதைப் பொத்தத் தயாராக இருந்தேன். அம்மா காலிலிருந்த ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே கிட்டே வந்து குனிந்தாள். பாம்பு தலையைத் தூக்கியது. இரண்டு பேரும் வெகுநேரம் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள்.

"வந்துட்டியா," என்றாள் அம்மா.

எங்களிடம் அவள் சொல்லவில்லை என்பது எனக்கும் புரிந்தது. அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தேன்.

அந்த மார்ச் மாதத்தில் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். பிறந்த அன்றே போய்விட்டான். தம்பி வந்த வழியே திரும்பிப் போய்விட்டான் என்று என்னிடம் சொன்னார்கள். திரும்பிப் போனவன் மறுபடி வருவான் என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்பாவும் அவருடைய ஆபீஸ் நண்பர் ஒரு அங்கிளும் போய் அவனை மண்ணில் வைத்துவிட்டு வந்தார்கள். அம்மா போகவில்லை, அந்த இடம் எங்கே என்று கேட்கவும் இல்லை. வீட்டில் அவனுக்காக அப்பா மஞ்சள் பெயிண்ட் அடித்த அறை ஒன்று இருந்தது. தொட்டில், சின்னச் சட்டைகள் வைத்த இழுப்பறை, ஒரு வெள்ளிப் பாலாடை எல்லாம் அதற்குள் இருந்தன. அப்புறம் ஒரு அடுக்கு பழைய வேட்டித் துணி. பச்சைப் பிள்ளையைப் புதுத்துணியில் கிடத்தக் கூடாது, துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிப் போன வேட்டிதான் ஆகும் என்பது உங்களுக்கும் தெரியும். அம்மா வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்து, அப்பாவின் வேட்டிகளை அளவாகக் கிழித்து, வெந்நீரில் அலசிக் காயவைத்து மடித்து வைத்திருந்தாள். மார்ச்சுக்குப் பிறகு அந்த அறைக்கதவை யாரும் திறக்கவில்லை.

அம்மாவுக்கு ஊர் கோபிப் பக்கம். அவளுடைய அப்பா வீடு கட்டியபோது மனையில் இருந்த பாம்புப் புற்றை இடித்தார்களாம். அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு ஆண்பிள்ளை தங்காது என்று யாரோ ஜோசியர் சொல்லி வைத்திருந்தார். முன்பெல்லாம் அம்மா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். இப்போது சொல்வதே இல்லை. சமைப்பாள், என்னைக் குளிப்பாட்டுவாள், பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நிற்பாள். அப்பா மெதுவாகப் போய்க் கதவைச் சாத்துவார். அம்மா பழையபடி எங்களிடம் திரும்பி வருவாளா என்பது ஒன்றுதான் அந்த வருஷம் அப்பாவுக்கு இருந்த கவலை. எனக்கும் அதேதான்.

பாம்பு வந்த அன்றைக்கே படுக்கைப் பேச்சு தொடங்கிவிட்டது. வகுப்பில் தொட்டிக்குள் பழைய நியூஸ்பேப்பர்தான் போட்டிருந்தார்கள். அழுக்கானால் எடுத்துவிட்டு வேறு போடலாம், அதுவே போதும் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. எழுத்து என்றால் சரஸ்வதி. பேப்பர் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடு எங்களுடையது. அதன்மேல் ஒரு உயிரைப் படுக்க வைப்பதா என்றாள். கால் இருந்தால்தானே மிதிக்கும் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். மிதிக்காவிட்டால் என்ன, அதன்மேலேயே வெளிக்கும் போகிறதே என்று அம்மா திருப்பிக் கேட்டாள்.  அம்மா சண்டை போடுகிறாளே என்று அப்பா முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

அப்படியானால் மணல் போடலாம், பிள்ளைகள் விளையாடுகிற மணலே கடையில் மூட்டையாகக் கிடைக்கிறது என்றார் அப்பா.

"மண்ணுல போடாதீங்க," என்றாள் அம்மா.

உரக்கச் சொல்லவில்லை. ஆனால் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் கையைக் கழுவினார்.

சனிக்கிழமை மூன்று பேருமாகப் பெட் ஸ்டோருக்குப் போனோம். அம்மா கடைக்கு வருவதே அதிசயம். அடியில் போடுகிற சாமான்களுக்கென்றே ஒரு வரிசை முழுக்க இருந்தது. புல் மாதிரி பச்சைக் கார்ப்பெட் ஒன்று. அதை அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேங்காய் நார் ஒரு மூட்டை. பாத்திரம் தேய்க்கிறதன் மேலேயா படுக்க வைப்பார்கள் என்று தள்ளிவிட்டாள். மரச்சீவல்கள் வகைவகையாக இருந்தன. ஒவ்வொரு மூட்டையாக மூக்கை வைத்து முகர்ந்துகொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். சீடார் மரச்சீவல். செக்கச்செவேல் என்று இருந்தது. பென்சில் சீவும்போது வருமே, அதே வாசனை, அதைவிடப் பல மடங்கு. அம்மா மூட்டையின் ஓட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சந்தனம் மாதிரியே இருக்கிறது என்றாள். முகத்தை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள்.

கழுத்தில் பல்லி பச்சை குத்திய கடைக்காரர் ஒருவர் அப்பாவிடம் வந்து எதற்கு என்று கேட்டார். பாம்புக்கு என்றதும், ஆஸ்பென் சீவல் போடுங்கள், இல்லாவிட்டால் பேப்பரே போதும், சீடார் மட்டும் வேண்டாம், அது நாய்ப் படுக்கைக்குப் போடுவது, அதன் எண்ணெய் பாம்பின் மூச்சைக் கெடுத்துவிடும் என்று இங்கிலீஷில் மடமடவென்று சொல்லிவிட்டு வேறு ஆளைப் பார்க்கப் போய்விட்டார். அம்மாவுக்கு அப்போது இங்கிலீஷ் மெதுவாகப் பேசினால்தான் பிடிபடும். டெக்சாஸ்காரர்கள் பேசுகிற இங்கிலீஷ் அவளுக்கு மட்டுமல்ல, யாருக்குமே சிரமம்தான்.

"என்ன சொல்றாருங்க?" என்றாள்.

"எது வேணா போடலாமாம்," என்றார் அப்பா.

நான் அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் கை என் தலைமேல் வந்து உட்கார்ந்தது. இங்கிலீஷில் இருக்கிற கெட்டதெல்லாம் தமிழில் சொல்லும்போது கழிந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எட்டு வயது. அம்மா சிரிக்கிறாள் என்பதுதான் எனக்கும் பெரிதாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராகப் போய் மஞ்சள் அறையைத் திறந்தாள். இனிமேல் தொட்டி இங்கேதான் என்றாள். சீடார் சீவலைக் கையால் அள்ளி அள்ளிப் பதமாகப் பரப்பினாள். அதன்மேல் வேட்டித் துணியை விரித்து, ஓரங்களை உள்ளே மடித்துச் செருகி, உள்ளங்கையால் நீவிவிட்டாள். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் துணி எதற்காகக் கிழித்த துணி என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

இந்தப் பாம்புகள் எதற்குள்ளாவது நுழைந்து படுத்தால்தான் நிம்மதியாக இருக்கும். விட்டதும் அது துணிக்கு அடியில் போய்விட்டது. பாம்பு தெரியவில்லை. வெள்ளைத் துணியில் ஒரு மேடு மட்டும் தெரிந்தது. அந்த மேடு மெதுவாக ஏறும், இறங்கும். நான் வாசலிலிருந்து பார்த்தேன். துணி போர்த்திய கைப்பிள்ளை ஒன்று தூங்குகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். சொல்லாமலேயே பாதி நம்பினேன்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்க ஆரம்பித்தது. அதுதான் பயங்கரம். அம்மா காலையில் எழுந்து குளித்தாள், தலை வாரினாள், வேளைக்குச் சாப்பிட்டாள். என் மதிய உணவை வைத்துவிட்டு மஞ்சள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளேயிருந்து தணிந்த குரலில் பேச்சு கேட்கும். ஒரு கேள்வி, கொஞ்சம் இடைவெளி, பிறகு அதற்குப் பதில் கிடைத்துவிட்ட மாதிரி அடுத்த பேச்சு. முதல் வாரம் அதை "அது" என்றவள் பிறகு "அவன்" என்றாள். அவன் தூங்குகிறான், டிவி சத்தத்தைக் குறை என்பாள். குறைப்பேன். வேறென்ன செய்வது?

வெள்ளிப் பாலாடையில் பால் ஊற்றி உள்ளே வைத்தாள். பாம்பு அதைத் தொடவில்லை. அது சாப்பிட்டதெல்லாம் அப்பா கராஜில் வேறொரு டப்பாவுக்குள் வைத்துக் கொடுத்த எலிக்குஞ்சுதான். முட்டைகூட நுழையாத வீட்டில், கராஜ் பிரீசருக்குள் துருவிய தேங்காய்க்குப் பக்கத்தில், பிரவுன் பைக்குள் உறைந்த எலிக்குஞ்சுகள் இருந்தன. அம்மா அது தெரிந்தும் தெரியாததுபோல இருந்தாள். அந்தப் பாலாடை பின்னால் எங்கே போனதென்று தெரியவில்லை. மூன்று வீடு மாறியதில் எங்கேயோ தொலைந்துவிட்டது. நானும் ரொம்பத் தேடவில்லை.

ஒருநாள் தொட்டியின் கண்ணாடியில் மையால் வட்டமாக ஒரு திருஷ்டிப் பொட்டு இருந்தது. பாம்பு அந்தப் பக்கம் வந்து கண்ணாடியை ஒட்டி நிற்கும்போது பொட்டு அதன் கன்னத்தில் வைத்ததுபோலப் பொருந்தியது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு நாள் பாம்பின் கண்கள் பால் ஊற்றியதுபோல வெளுத்துப் போயின. அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பாம்பு தோலை உரித்துப் போட்டுவிட்டுப் பளபளவென்று கிடந்தது. உரித்த தோலை அம்மா கிழியாமல் எடுத்து, நாலாக மடித்து, இழுப்பறையைத் திறந்து தம்பியின் சட்டைகளுக்கு நடுவில் வைத்தாள். நான் பார்ப்பது அவளுக்குத் தெரியும். என்னைப் பார்த்து, அவனுடையது அவனிடமே இருக்கட்டும் என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

கோயிலில் பழக்கமான ஒரு ஆன்டி வெள்ளிக்கிழமையன்று மஞ்சளும் பூவும் எடுத்துக்கொண்டு வந்தார். அமெரிக்காவரைக்கும் உங்களைத் தேடி வந்திருக்கிறது, தோஷம் கழிந்துவிடும் என்று போனில் அவர்தான் அம்மாவுக்குத் தெம்பு சொல்லியிருந்தார். கையைக் கூப்பிக்கொண்டே உள்ளே போனவர், தொட்டிலையும் துணியையும் பொட்டையும் பார்த்துவிட்டுக் கூப்பிய கையை இறக்கிவிட்டார். காப்பி வேண்டாமென்று வெளியே வந்து, வாசலில் கார்ச் சாவியைத் தேடுகிறவர்போல நின்றுகொண்டு அப்பாவிடம் பேசினார்.

"அண்ணா, இது கும்பிடற மாதிரி தெரியலீங்க. வளர்க்கிற மாதிரி இருக்கு."

அவள் இப்போதுதான் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார் அப்பா. ஆன்டி அதற்குப் பிறகு வரவில்லை. மற்ற ஆன்டிகளும் வரவில்லை. எங்கள் வீடும் எதிர்வீட்டைப்போல ஆகிவிட்டது.

ஜூலையில் ஒரு மத்தியானம் நான் என் அறையில் கார்ப்பெட்டில் மல்லாந்து படுத்திருந்தேன். ஏசி நின்றிருந்தது. கூரையில் காற்று வருகிற வென்ட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மெல்லிய விசில். பிறகு ஒரு சொடுக்கு. மறுபடி விசில். மூக்கடைத்த கைக்குழந்தை மூச்சுவிடத் திணறுகிற சத்தம் அது. நம் வீடுகளில் எல்லா அறைக்கும் காற்று ஒரே குழாயில்தான் போகிறது என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியாது. தம்பி மேலே இருக்கிறான், கீழே வர வழி தெரியாமல் அழுகிறான் என்றுதான் நினைத்தேன். கை கால் அசைக்க முடியாமல் அப்படியே படுத்திருந்தேன். பிளைண்ட்ஸின் சந்துகளில் வெயில் கோடு கோடாக என்மேல் விழுந்துகொண்டிருந்தது.

ஏசி மறுபடி ஓடத் தொடங்கியதும் எழுந்து ஓடினேன். மஞ்சள் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரே புகை. குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவார்களே, அப்படித் தட்டில் சாம்பிராணியைக் கொளுத்தி அம்மா தொட்டிக்கு மேலே காட்டிக்கொண்டிருந்தாள். புகைமணி அலறக் கூடாதென்று அப்பாவே முன்பு அதன் பாட்டரியைக் கழற்றி வைத்திருந்தார். தொட்டியில் சீடார் சீவல் முன்னைவிட இரண்டு மடங்கு உயரத்துக்கு இருந்தது. பாம்பு துணிக்கு வெளியே இருந்தது. கண்ணாடியில் சாய்ந்துகொண்டு தலையை நேர்மேலே நிமிர்த்தி, வாயைத் திறந்து வைத்திருந்தது. வாயோரத்தில் நுரை. விசில் சத்தம் அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"சளி புடிச்சிருக்கு அவனுக்கு," என்றாள் அம்மா. "சூடு பத்தலை. அதான் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கேன்."

அவள் முகத்தில் அப்படி ஒரு பயம். நான் அதற்கு முன்னும் பின்னும் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. தெரிந்த வைத்தியத்தையெல்லாம் செய்துகொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் அதைக் கொன்றுகொண்டிருந்தது. இது போனால் இவளும் போய்விடுவாள் என்று எனக்கு அந்த நிமிஷத்தில் தெரிந்தது. எட்டு வயதில் இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரிந்தது.

"அம்மா, சீடார் இஸ் பேட் ஃபார் ஹிம்," என்றேன். "ஹி கான்ட் பிரீத். ஸ்டோர்ல அந்த ஆள் அப்பாகிட்ட சொன்னாரு."

அம்மா சாம்பிராணித் தட்டைக் கீழே வைத்தாள்.

"எப்போ சொன்னாரு?"

"வென் யூ வேர் ஸ்மெல்லிங் இட்."

அம்மா புரிந்துகொள்ள நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு ஜன்னலைத் திறந்தாள். வெயில் காற்று அடுப்பைத் திறந்ததுபோல உள்ளே வந்தது. தொட்டிக்குள் இரண்டு கையையும் விட்டுப் பாம்பைத் தூக்கினாள். அத்தனை நாளில் அவள் அதைத் தொட்டது அப்போதுதான். மடியில் துணியைப் போட்டு அதன்மேல் வைத்துக்கொண்டு, சீவலையெல்லாம் குப்பைப் பையில் அள்ளிப் போடச் சொன்னாள். தொட்டியைத் துடைத்து, ஹாலிலிருந்து நியூஸ்பேப்பர் எடுத்துவரச் சொன்னாள். நான் தயங்கினேன். எடுத்து வா என்றாள். அவளே விரித்தாள்.

அப்பா ஆபீஸிலிருந்து வந்தபோது வெயில் இன்னும் குறையவில்லை. மஞ்சள் அறைத் தரையில் அம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முதுகில் சாய்ந்திருந்தேன். அப்பா தொட்டியைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார், குப்பைப் பையைப் பார்த்தார். ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஆகாதுன்னு கடைக்காரர் அன்னைக்கே சொன்னாருங்களா?"

"சொன்னான்," என்றார் அப்பா. "நீ அவ்வளவு சந்தோசமா இருந்தே. அதான்."

அம்மா தன் கைகளைப் பார்த்தாள்.

"அந்த ரூம்லயும் நான் சந்தோசமாத்தானுங்க இருந்தேன்."

எந்த ரூம் என்று அப்பா கேட்டார். கேட்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. குரலிலேயே தெரிந்தது.

"ஸ்கேன் எடுத்த ரூம்ல. அந்த டாக்டரம்மா அவ்வளவு நேரம் பேசினாங்க. என் கையைக்கூடப் புடிச்சுக்கிட்டாங்க. நீங்க எல்லாம் நல்லா இருக்காம்னு மட்டும் சொன்னீங்க."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். தம்பிக்கு நுரையீரல் வளரவில்லை, பிறந்தாலும் தங்காது என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார் என்பதைக் கார்ப்பெட்டைப் பார்த்தபடி சொன்னார். பிள்ளைத்தாய்ச்சியிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது, மனம் நோகக் கூடாது என்றுதானே நம் பக்கத்தில் எல்லோரும் சொல்கிறார்கள் என்றார். ஒரு டாக்டர் சொல்வது தப்பாகவும் போகலாம் என்று நினைத்தேன் என்றார். 

"அதுக்கு அப்புறமாத்தானே இந்த ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சீங்க," என்றாள் அம்மா.

அப்பா தலையை ஆட்டினார்.

"காஞ்சதும் திருப்பி இன்னொரு கோட் அடிச்சீங்க. மஞ்சள் நல்லா எடுக்கணும்னு."

அவள் அழவில்லை. அப்பாதான் அழுதார். எனக்கு இப்போது அன்றைய அப்பாவைவிட வயது அதிகம். அம்மா பக்கத்து அறையில் வேட்டி கிழித்துக்கொண்டிருக்க, எல்லாம் தெரிந்த ஒருவர் தனியாக நின்று சுவருக்கு மஞ்சள் அடித்ததை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. அதே சமயம் கோபமும் வருகிறது. தன் பிள்ளையிடம் விடைபெற்றுக்கொள்ள அவளுக்கு இருந்த நாட்களை அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். அன்பாகத்தான் எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் அவரை முழுசாக மன்னிக்கவும் முடியவில்லை, குற்றம் சொல்லவும் வாய் வரவில்லை.

பாம்பு பிழைத்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அதையே யோசித்துக்கொண்டிருப்பீர்கள். ஊசி போட்டார்கள், மருந்து கொடுத்தார்கள், ஆகஸ்டில் பள்ளிக்கூடம் திறந்தபோது திரும்பிப் போனது. அது பிழைத்தது பெரிய விஷயமாக எனக்குப் பிறகு தோன்றவில்லை. ஆனால் மறுநாள் அதைக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனபோது பிழைக்குமா என்று யாருக்கும் தெரியாது.

தான் மட்டும் போய்வருகிறேன் என்றார் அப்பா. அம்மா போய்க் காரில் ஏறிக்கொண்டாள். தலையணை உறைக்குள் பாம்பை வைத்து மடியில் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் அந்த விசில் சத்தம். ஃப்ரீவேயில் கார்கள் பறந்துகொண்டிருந்தன.

டாக்டர் வயதான ஒரு வெள்ளைக்கார அம்மா. பாம்பின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார், காதில் குழாயை மாட்டிக்கொண்டு அதன் முதுகு நெடுக வைத்து வைத்துக் கேட்டார். பிறகு அப்பாவைப் பார்த்து இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினார். அப்பாவும் வழக்கம்போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினார். அம்மா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

"டெல் மீ," என்றாள் டாக்டரிடம். "ஸ்லோலி. நாட் ஹிம். மீ."

டாக்டர் அப்பாவை விட்டுவிட்டு அம்மாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். லங்ஸ் என்று சொல்லித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். இரண்டிலொன்று நடக்கலாம், எது என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அம்மா ஒவ்வொன்றுக்கும் யெஸ், யெஸ் என்று தலையாட்டினாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எல்லாம் சொல்லி முடித்ததும், வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் டாக்டர்.

அம்மா தன் மடியில் வெறுமையாகக் கிடந்த உறையை நீவிவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"வாஸ் தேர் பெயின்?"

வலிக்கிறதா என்றல்ல, வலித்ததா என்று. டாக்டர் மேஜைமேல் கிடந்த பாம்பைப் பார்த்தார். அந்த அறையில் அவர் ஒருவர்தான் அதைப் பார்த்தார். அப்பா எதிர்ச் சுவரைப் பார்த்தார். அவர் வாய் திறக்கப் போவதை நான் கவனித்தேன். இல்லை, வலியெல்லாம் இருந்திருக்காது என்று சொல்லத்தான் அவர் திறந்திருப்பார். அதற்குள் டாக்டர் பதில் சொல்லிவிட்டார். ஐ டோன்ட் நோ, ஐ ஆம் சாரி, ஐ ஜஸ்ட் டோன்ட் நோ என்றார்.

அம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கடகடவென்று இறங்கியது, துடைக்கவில்லை. மார்ச்சுக்குப் பிறகு அன்றுதான் அழுதாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். அவருக்கு இங்கிலீஷ் புரியாது என்பதுபோல, பொறுமையாக, தமிழில் எடுத்துச் சொன்னாள்.

"தெரியலையாமுங்க."